இணையக் கடை திறக்குமுன்: வெப்சைட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் காகிதத்தில் எழுத வேண்டியவை



ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அண்மைக் காலமாக நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. “ஹஜ்ரத், வளைகுடாவை முடிச்சுக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல பலகாரம் நல்லா செய்வாங்க. நாசரேத், உடன்குடிப் பக்கம் கருப்பட்டியும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. ஆன்லைன்ல விற்கலாம்னு பார்க்கிறோம். வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?” என்பதுதான் அந்தக் கேள்வி.

‘எவ்வளவு ஆகும்’ என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல என்பதே நமது பதில். ஏன் என்று சொல்ல நமக்குத் தெரிந்த ஒரு சம்பவம் போதும். ஒரு சகோதரர் பல ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வெப்சைட் செய்தார். பார்க்க அழகாகவே இருந்தது. அதன் முகவரியைப் பொட்டலம், அட்டைப் பெட்டி, நோட்டீஸ் எல்லாவற்றிலும் அச்சடித்தார். ஓராண்டு கழிந்தது. ஒரு காலைப் பொழுதில் தளம் திறக்கவில்லை. செய்து கொடுத்தவரின் தொலைபேசியும் எடுக்கப்படவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, தளத்தின் பெயர் செய்து கொடுத்தவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது. ஆண்டுச் சந்தா கட்டப்படாததால் அது காலாவதியாகி விட்டது. அச்சடித்த பெட்டிகள் வீட்டு மாடியில் அடுக்கியபடி கிடந்தன.

அவரிடம் உழைப்புக்கோ நேர்மைக்கோ குறைவில்லை. குறைந்தது திட்டம் மட்டுமே. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கைந்து பக்கம் எழுதியிருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது. அந்த நான்கைந்து பக்கங்களில் என்ன எழுத வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

கண்ணில் படாத பொருளை விற்பது

நமது கடற்கரைக்கு வணிகம் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துகளைத் துளையிட்ட சல்லடைகளில் அளவு வாரியாகப் பிரிப்பார்கள், எடை போடுவார்கள், நிறமும் உருண்டையும் பார்ப்பார்கள். வாங்குபவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் பிறகே விலை பேசுவார்.

இணையக் கடையில் இது எதுவும் கிடையாது. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் நமது கருப்பட்டியை முகர்ந்து பார்க்க முடியாது. ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்க்கவும் முடியாது. நாம் எழுதும் வாசகத்தையும் போட்டிருக்கும் படத்தையும் நம்பிப் பணத்தை முன்கூட்டியே கட்டி விடுகிறார். அவரது பணம் நம்மிடம் அமானத்தாக வந்து விடுகிறது, நமது பொருளோ இன்னும் போய்ச் சேரவில்லை.

மார்க்கச் சட்ட நூல்களைப் படித்தவர்களுக்கு இது பழகிய நிலைமைதான். விலையை முன்னதாகக் கொடுத்து, பொருளைப் பின்னர் பெறும் ‘ஸலம்’ வணிகம் அது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் கனிகளுக்கு முன்பணம் கொடுத்து வந்தார்கள். அதை முழுவதுமாகத் தடுக்காமல், அளவும் எடையும் தவணையும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். பொருளின் இனம், தரம், அளவு, ஒப்படைக்கும் காலம் ஆகியவை பேசி முடிக்கப்பட வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விவரித்தார்கள். பார்க்காத பொருளை வாங்குவது குறித்து ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அந்த விவரத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஆனால் சண்டைக்கு இடமில்லாதபடி பொருளை விவரிக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆக, வெப்சைட் என்பது அலங்கார வளைவு அல்ல. முகம் தெரியாத ஒருவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. எந்த வாக்கை நம்மால் காப்பாற்ற முடியும் என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து தளத்தைத் திட்டமிட வேண்டும்.

1. இப்போதே வெப்சைட் தேவைதானா?

பலருக்கு உண்மையான பதில் ‘இன்னும் இல்லை’ என்பதுதான். முதல் மூன்று மாதங்கள் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல் போட்டு, யு.பி.ஐ. மூலம் பணம் வாங்கி, அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பிப் பாருங்கள். இதற்குத் தளச் செலவே கிடையாது. வந்த ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் கேட்டார், எந்த ஊர், என்ன கேட்டார், வாங்காமல் போனவர் ஏன் போனார், எத்தனை பொட்டலம் உடைந்து போனது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இந்த நோட்டுதான் நாளைய வெப்சைட்டின் அஸ்திவாரம்.

மக்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பது நாம் நினைப்பதிலிருந்து மாறுபடலாம். 1997-இல் அமெரிக்காவில் கணினித் துறையில் பணியாற்றிய சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன், அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு பொது இணையதளம் தொடங்கினார். பல பகுதிகள் கொண்ட அந்தத் தளத்தில் மக்கள் திரும்பத் திரும்ப நாடியது மணமக்கள் பகுதியைத்தான். அதைக் கவனித்து அதையே தொழிலாக்கினார். அதுதான் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்து, 2017-இல் அதன் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அவரது தொழில் நமக்கு வேண்டியதில்லை, கவனித்த முறை வேண்டும். நாம் பத்துப் பலகாரம் போட்டிருப்போம். ஊர் முழுக்க இரண்டைத்தான் கேட்கும். அந்த இரண்டைக் கொண்டு கடையைத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஒரே கேள்விக்கு நாளொன்றுக்குப் பத்து முறை வாட்ஸ்அப்பில் பதில் எழுத வேண்டி வருகிறது, யார் பணம் கட்டினார், யார் கட்டவில்லை என்று கணக்குக் குழம்புகிறது என்ற நிலை வரும்போது வெப்சைட்டுக்கு நேரம் வந்து விட்டது என்று பொருள்.

2. யார் பணம் கட்டுகிறார், பொட்டலம் யாருக்குப் போகிறது?

நமது குடும்பங்களுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. பணம் கட்டும் மகன் துபாயில் இருப்பார். பொட்டலம் காயல்பட்டினத்தில் இருக்கும் உம்மாவுக்குப் போக வேண்டும். பெரும்பாலான தளங்கள் வாங்குபவரும் பெறுபவரும் ஒருவரே என்று வைத்துச் செய்யப்படுகின்றன. அதனால் வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணை ஏற்க மறுக்கும். கூரியர் பையன் துபாய் எண்ணுக்கு அழைத்துப் பார்த்து, பதில் இல்லை என்று பொட்டலத்தைத் திருப்பி விடுவார்.

ஆகவே இவற்றை எழுதி வையுங்கள்: பணம் கட்டுபவரின் விவரம் வேறு, பெறுபவரின் பெயரும் இந்திய எண்ணும் வேறு என்று இரண்டு இடம் வேண்டும். முகவரியில் ‘அருகிலுள்ள அடையாளம்’ எழுத ஒரு வரி வேண்டும். வெளிநாட்டுக் கார்டை ஏற்கும் வசதி வேண்டும். இதற்குப் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் தனி அனுமதி தேவைப்படலாம். தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். மகன் ஆங்கிலத்தில் ஆர்டர் செய்தாலும், என்ன வருகிறது என்று உம்மா தமிழில் பார்க்க வேண்டும் அல்லவா?

வெளிநாட்டுக்கே பொருள் அனுப்புவது ஏற்றுமதியாகும். அதற்குத் தனி இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும், அந்தந்த நாட்டின் உணவு விதிகளும் உண்டு. முதல் ஆண்டில் ‘இந்தியாவுக்குள் மட்டும்’ என்று முகப்பிலேயே எழுதி விடுவது நல்லது.

3. பெயரும் சாவியும்

டொமைன் எனப்படும் தளப் பெயர் நமது கடையின் பட்டா போன்றது. அதைத் தேர்ந்தெடுக்கும்போது, தொலைபேசியில் ஒரு முறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையின்றி எழுதுவாரா என்று சோதியுங்கள். ‘கருப்பட்டி’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். வீட்டில் உள்ளவர்களிடமே எழுதச் சொல்லிப் பாருங்கள். அதிகம் பேர் எழுதும் இரண்டு வடிவங்களையும் சேர்த்தே பதிவு செய்யலாம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரைதான் பொதுவாக ஆகும்.

ஊர்ப் பெயரைச் சேர்க்கும்போது கவனம் தேவை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் அத்தகைய குறியீடு உண்டு. அந்தப் பெயர்கள் அந்தந்தப் பகுதியில், அந்த முறையில் செய்யப்பட்டவற்றுக்கே உரியவை. வேறெங்கோ வாங்கிய கருப்பட்டிக்கு உடன்குடிப் பெயர் சூட்டுவது சட்டப்படியும் தவறு, மார்க்கப்படியும் மோசடி.

இனி சாவிகள். கீழ்க்கண்ட ஐந்தும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் தொலைபேசி எண்ணில் இருக்க வேண்டும்:

– டொமைன் பதிவுக் கணக்கு
– தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கு
– தளத்தை நிர்வகிக்கும் முதன்மைப் பாஸ்வேர்டு
– பேமென்ட் கேட்வே கணக்கு
– கடையின் மின்னஞ்சலும் சமூக ஊடகக் கணக்குகளும்

செய்து தருபவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் தனியாகக் கொடுங்கள். வேலை முடிந்ததும் திரும்பப் பெறுங்கள். ஓ.டி.பி. யாருடைய கைபேசிக்கு வருகிறதோ அவரே உண்மையான உரிமையாளர் என்பதை மறந்து விடாதீர்கள். புதுப்பிக்கும் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குடும்பத்தில் நம்பகமான இன்னொருவருக்கும் இந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். மவுத் யாருக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கடையின் சாவி கைபேசிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தால் வாரிசுகள் தவிப்பார்கள்.

4. என்னென்ன பக்கங்கள் வேண்டும்?

புதிய கடைக்கு ஆறு வகைப் பக்கம் போதும்: முகப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம், நம்மைப் பற்றி, அனுப்பும் முறையும் செலவும், திருப்பித் தருதல் மற்றும் பணம் திரும்பக் கொடுத்தல், தொடர்பு. இவற்றை வீட்டிலேயே ஆறு தாள்களில் எழுதி விடுங்கள். தாளில் தெளிவாக எழுத முடியாததைத் திரையில் யாராலும் தெளிவாக்க முடியாது.

முகப்பில் மூன்று செய்தி ஒரே பார்வையில் தெரிய வேண்டும்: என்ன விற்கிறோம், எங்கே அனுப்புகிறோம், எத்தனை நாளில் போய்ச் சேரும். பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். கனமான காணொளியும் நகரும் படங்களும் போட்டால், சிக்னல் குறைந்த இடத்தில் தளம் திறப்பதற்குள் ஆள் போய் விடுவார். செய்து முடித்த தளத்தைக் கணினியில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வீட்டில் இருக்கும் பழைய கைபேசியில் திறந்து, நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

வருமானத்துக்காகத் தளத்தில் பிறர் விளம்பரங்களை இடம்பெறச் செய்யாதீர்கள். அங்கே என்ன விளம்பரம் வரும் என்பதை அனேகமாக வேறொரு நிறுவனத்தின் கணினியே முடிவு செய்யும். ஹலால் பலகாரத்துக்குப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம்.

5. பொருளின் பக்கம்: ஸலமின் நிபந்தனைகள் இங்கே உதவும்

ஒரு பொருளின் பக்கத்தை எழுதும்போது இனம், தரம், அளவு, காலம் என்ற நான்கு தலைப்பில் எழுதுங்கள். கருப்பட்டியையே எடுத்துக் கொள்வோம்.

இனம்: பனங்கருப்பட்டியா, சுக்கும் ஏலமும் சேர்த்த சில்லுக்கருப்பட்டியா, பனங்கற்கண்டா?
தரம்: இந்தப் பருவத்தில் காய்ச்சியதா, சென்ற பருவத்துச் சரக்கா? நிறம் எப்படி இருக்கும்? சீனி கலந்ததா, கலக்காததா?
அளவு: பொட்டலத்தில் நிகர எடை எவ்வளவு, எத்தனை துண்டு இருக்கும்?
காலம்: ஆர்டர் செய்த எத்தனை நாளில் அனுப்புவோம், எத்தனை நாளில் போய்ச் சேரும், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

சீனிக் கலப்பு கருப்பட்டி வணிகத்தில் எல்லோரும் அறிந்த பிரச்சினை. நாம் வாங்கும் இடத்தில் காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்திருந்தால் ‘கலப்பில்லாதது’ என்று எழுதலாம். பார்க்கவில்லை என்றால் எழுதக் கூடாது. பதநீர் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. சில மாதங்களே இறக்குவார்கள். ஆகவே மழைக்காலத்தில் ‘இன்று காய்ச்சியது’ என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே போட்டிருந்த வியாபாரியிடம், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். இணையக் கடையில் குவியலின் மேல்பகுதி என்பது புகைப்படம். கூகுளில் கிடைத்த வேறொருவர் படத்தைப் போடுவதும், நிறத்தைக் கூட்டிக் காட்டுவதும் நனைந்ததை அடியில் மறைப்பதற்கே சமம். ஜன்னல் ஓர வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்து, நம்முடைய பொருளையே கைபேசியில் எடுத்தால் போதும். அளவு புரிய, பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்து ஒரு படம் எடுங்கள். ‘கையால் செய்வதால் வடிவம் சற்று மாறுபடும், மழைக்காலத்தில் மேற்பரப்பு இளகலாம்’ என்று குறையையும் எழுதுங்கள். குறையை முன்பே சொன்ன கடைக்குத் திரும்பி வரும் பொட்டலம் குறைவு.

கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டி விற்காதீர்கள். கையிருப்பு எண்ணிக்கையைத் தளத்தில் போட்டு, தீர்ந்ததும் தானாக ‘தற்போது இல்லை’ என்று காட்டும்படி செய்யச் சொல்லுங்கள். ஆர்டர் வந்த பிறகுதான் செய்வோம் என்றால் ‘முன்பதிவு, இத்தனை நாள் ஆகும்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

6. கணக்கு: எத்தனை ஆர்டருக்குப் பிறகு லாபம்?

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பொட்டலத்தை அனுப்பும் செலவு உட்பட 500 ரூபாய்க்கு விற்கிறோம். சரக்கு 300, பெட்டியும் டேப்பும் 25, கூரியர் 95. பேமென்ட் கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்று கொண்டால் 10 ரூபாய். அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 1.80. மொத்தச் செலவு 431.80. கையில் நிற்பது 68.20.

பரவாயில்லையே என்று தோன்றும். பத்துப் பொட்டலத்தில் ஒன்று உடைந்து போய், நாம் மாற்றிக் கொடுக்கிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாற்றிக் கொடுக்கச் சரக்கு, பெட்டி, கூரியர் மூன்றும் சேர்த்து 420 ரூபாய். பத்து ஆர்டருக்கும் பங்கு பிரித்தால் ஆர்டருக்கு 42. மிச்சம் 26.20 மட்டுமே. தளத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் செலவு என்றால், அதை மீட்கவே ஏறத்தாழ 460 ஆர்டர் வேண்டும்!

இப்போது பெட்டிக்குக் கூடுதலாக 10 ரூபாய் செலவழித்து, ஐம்பதில் ஒன்றுதான் உடைகிறது என்ற நிலைக்குக் கொண்டு வருகிறோம். ஆர்டருக்கு மிச்சம் ஏறத்தாழ 49.60. அதே தளச் செலவை 242 ஆர்டரில் மீட்டு விடலாம். அழகான முகப்புக்குச் செலவழிப்பதை விட நல்ல அட்டைப் பெட்டிக்குச் செலவழிப்பது சில நேரம் அதிகப் பலன் தரும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

கூரியர் கட்டணத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பல நிறுவனங்கள் உண்மை எடையையும் பெட்டியின் கன அளவையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான முறை. தூத்துக்குடி மக்ரூன் ஒரு கிலோவை 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் கணக்கில் 3 கிலோ! மக்ரூன், முறுக்கு போன்ற எடை குறைந்த, இடம் பிடிக்கும் பலகாரம் விற்பவர்கள் பெட்டியின் அளவை முடிவு செய்த பிறகே தளத்தில் விலை போட வேண்டும். அஞ்சலகக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வீடு தேடிக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டை அஞ்சல் துறையே செய்தது நினைவிருக்கலாம். கூரியர் எட்டாத சிற்றூர்களுக்கும் தபால்காரர் போகிறார்.

7. பணம் வாங்கும் வழி

யு.பி.ஐ., கார்டு, நெட் பேங்கிங் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கப் பேமென்ட் கேட்வே சேவை வேண்டும். இதற்குப் பான் கார்டு, வங்கிக் கணக்கு, தளத்தில் கொள்கைப் பக்கங்கள் ஆகியவற்றைப் பார்த்தே ஒப்புதல் தருவார்கள். ஆகவே தளம் திறக்கும் நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். வாடிக்கையாளர் கட்டிய பணம் நம் கணக்குக்கு வர ஓரிரு வேலை நாள் ஆகும். அந்த இடைவெளிக்கும் சரக்கு வாங்கக் கையில் பணம் வேண்டும்.

பொருளைப் பெற்றபின் பணம் கொடுக்கும் முறையைப் புதியவர்கள் அவசரப்பட்டு வைக்க வேண்டாம். வாங்காமல் திருப்பி அனுப்பினால் போக வரக் கூரியர் செலவு நம் தலையில் விழும். கேட்வே சேவையோடு வட்டித் தவணை முறையும் சேர்ந்து வரலாம். அதை அணைத்து வைக்கும்படி சொல்லுங்கள். வாடிக்கையாளரின் கார்டு எண்ணை எந்த வடிவிலும் நாம் எழுதி வைக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதி அதை அனுமதிப்பதில்லை.

8. சட்டம் என்ன கேட்கிறது?

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 முதல் நடைமுறையில் உள்ளன. விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம் தளத்தில் தெரிய வேண்டும். குறை கேட்கும் பொறுப்பாளரின் பெயரும் தொடர்பும் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மொத்த விலையை, எல்லாக் கட்டணங்களும் உட்பட, முன்கூட்டியே காட்ட வேண்டும். நாமே வாடிக்கையாளர் போல் வேடமிட்டுப் பாராட்டு எழுதுவதற்கும் தடை உண்டு. உறவினர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உணவுப் பொருள் விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவோ உரிமமோ தேவை. அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்திலும் தளத்திலும் போடுங்கள். பொட்டலமிட்ட பொருளுக்கு நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பவர் பெயர், முகவரி ஆகியவற்றைத் தளத்திலும் காட்ட வேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்கும்போது விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும், சில விலக்குகளும் உண்டு. தளம் செய்வதற்கு முன் ஒரு கணக்காளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி விடுங்கள்.

9. வீட்டுப் பெண்களின் பாதுகாப்பு

இணையக் கடைகளில் பல, வீட்டுச் சமையலறையிலிருந்து நம் சகோதரிகள் நடத்துபவை. முகவரியும் எண்ணும் தளத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது; ஆனால் அவர்களின் சொந்தக் கைபேசி எண்ணை ஊரறியப் போட வேண்டியதில்லை. கடைக்கென்று தனி சிம் வாங்குங்கள். கணவரோ சகோதரரோ வைத்திருக்கும் கடை முகவரி இருந்தால், அதையே வணிக முகவரியாகப் பதிவு செய்ய இயலுமா என்று கணக்காளரிடம் கேளுங்கள். ‘நம்மைப் பற்றி’ பக்கத்தில் முகப்படம் தேவையில்லை. சமையல் கூடத்தின் சுத்தமும் செய்யும் முறையும் தெரிந்தால் போதும். அதே நேரம், வருமானம் சேரும் வங்கிக் கணக்கு உழைக்கும் சகோதரியின் பெயரில் இருக்கட்டும். அவரது சம்பாத்தியம் அவருக்கே உரியது என்பது மார்க்கம் தந்த உரிமை.

வாடிக்கையாளரின் விவரங்களும் அமானத்தே. ஆர்டருக்காகக் கொடுத்த எண்ணைப் பிறருக்கு விற்பதோ, கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதோ கூடாது.

10. மழை, பெருநாள், விடுமுறை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நமது பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதை அரிக்கப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயில் நின்றது. நாசரேத்தும் குரும்பூரும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. அத்தகைய நாளில் தளம் மட்டும் எதுவும் அறியாமல் ஆர்டர் வாங்கிக் கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

ஆகவே இரண்டு வசதிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, முகப்பின் மேல் ஓர் அறிவிப்பு வரி. இரண்டு, ஆர்டர் வாங்குவதை ஒரே தொடுதலில் நிறுத்தும் பொத்தான். இரண்டையும் கைபேசியிலிருந்து நீங்களே இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெருநாளுக்கு முன் ‘இந்தத் தேதி வரை வரும் ஆர்டரே பெருநாளுக்குள் சேரும்’ என்று அறிவிக்கவும் இதே வரி உதவும்.

11. செய்து தருபவருடன் எழுத்து ஒப்பந்தம்

கடனையும் தவணையையும் எழுதிக் கொள்ளுமாறு திருக்குர்ஆன் கற்பிக்கிறது. நண்பர் மகன் செய்து தருகிறான் என்றாலும் எழுதிக் கொள்ளுங்கள். ஒரே பக்கம் போதும்: எத்தனை பக்கங்கள், என்னென்ன வசதிகள், எந்தத் தேதி, பணம் மூன்று தவணை, கடைசித் தவணை எல்லாச் சாவியும் நம் கைக்கு வந்த பிறகே, ஆண்டுச் செலவு எவ்வளவு, எதற்கு, பழுது வந்தால் எத்தனை நாளில் சரி செய்வார், தளத்தின் நகல் எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கப்படும். பொருள் சேர்ப்பது, விலை மாற்றுவது இரண்டையும் நமக்குக் கற்றுத் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். செய்து தருபவரும் உழைப்பவரே. பேசிய கூலியைத் தாமதிக்காமல் கொடுத்து விடுங்கள்.

வட்டிக்குக் கடன் வாங்கியோ, மனைவியின் நகையை அடகு வைத்தோ தளம் செய்ய வேண்டாம். ஆயத்தமாகக் கிடைக்கும் மாதச் சந்தாத் தளங்களில் சிறிய அளவில் தொடங்கி, வருமானம் வந்த பிறகு பெரிதாக்கலாம்.

நிறைவாக

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரர் சோர்ந்து விடவில்லை. மாடியில் கிடந்த பெட்டிகளின் மேல் புதிய முகவரித் தாளை ஒவ்வொன்றாக ஒட்டி, வாட்ஸ்அப்பில் மீண்டும் தொடங்கினார். இம்முறை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு நம்மிடம் வந்தார். முதல் பக்கத்தில் சாவிகளின் பட்டியல் இருந்தது. ஐந்தும் அவர் பெயரில். இரண்டாம் பக்கத்தில் இரண்டே பொருள்கள். ‘எவ்வளவு ஆகும்’ என்று அவர் கேட்கவில்லை; ‘இதில் எதையாவது என்னால் காப்பாற்ற முடியாமல் போகுமா, பாருங்க ஹஜ்ரத்’ என்றார்.

வெப்சைட் போட நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். நேர்மையோடு தேடும் ரிஸ்கில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.